"அப்பா ரத்தம்" என்று சொல்கிற பையன்

கேள்வி: மடைத் தகராறில் ஒருவரை வெட்டிய வழக்கில் என் கணவர் ஆயுள் தண்டனையில் இருக்கிறார். மகனுக்கு 15 வயது. கோபம் வந்தால் கண்மண் தெரிவதில்லை. போன வாரம் தம்பியின் சைக்கிளை மண்வெட்டியால் நொறுக்கினான். கேட்டால், "அப்பா ரத்தம்மா, நான் என்ன செய்ய?" என்கிறான். மரபணு சோதனை செய்து பார்க்கலாமா? (மன்னார்குடி பக்கத்து வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. ஒருவன் கொலைகாரன் ஆவானா என்று சொல்லும் சோதனை எங்கேயும் கிடையாது.

முன்கோபத்தில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறைக்கவில்லை. எம்.ஏ.ஓ.ஏ. என்ற மரபணுவைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2002இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அந்த மரபணு மந்தமாக வேலை செய்து, சிறு வயதில் கடுமையாக அடி உதையும் பட்ட பையன்களே பிற்காலத்தில் அதிகமாக வன்முறையில் இறங்கினார்கள். அதே மரபணு இருந்தும் நல்லபடியாக வளர்ந்தவர்களிடம் அப்படி இல்லை. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இதை ஒரே அளவுக்கு உறுதி செய்யவில்லை. ஆனாலும் உங்களுக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது: அவனைத் திருத்துகிறேன் என்று யாரும் கை ஓங்கக் கூடாது, மாமாவாக இருந்தாலும் சரி.

2009இல் இத்தாலியில் ஒரு கொலையாளிக்கு இந்த மரபணுவையும் கணக்கில் எடுத்து ஓராண்டு தண்டனையைக் குறைத்தார்கள். விடுதலை செய்யவில்லை. நம் சட்டம் பார்ப்பது வேறு: புத்தி சுவாதீனம் இல்லாமல், தான் செய்வது இன்னதென்றோ அது தப்பென்றோ அறிய முடியாத நிலையில் செய்தானா என்று. முன்கோபம் அந்தக் கணக்கில் வராது.

'ரத்தத்திலேயே குற்றம்' என்ற பேச்சால் நம் ஜனங்கள் பட்டது போதும். 1871இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஒரு தப்பும் செய்யாதவர்களைப் பிறப்பை வைத்தே கைரேகை பதியச் சொன்னார்கள். 1947 வரை அது இங்கே ஒழியவில்லை. அதே பேச்சை உறவுக்காரர்கள் உங்கள் வீட்டுத் திண்ணையில் பேசினால் உடனே நிறுத்துங்கள். பையன் அதை அங்கிருந்துதான் எடுத்திருப்பான்.

அப்புறம், நீங்கள் எழுதியதில் ஒன்றைக் கவனித்தேன். நொறுங்கியது தம்பியின் சைக்கிள். தம்பிமேல் மண்வெட்டி படவில்லை. அவ்வளவு கோபத்திலும் அந்தக் கை எங்கே விழக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இதை அவனிடம் சொல்லுங்கள். திட்டாமல், அவன் சாப்பிட்டு முடித்த பிறகு. சைக்கிளை அவனே கடைக்குத் தள்ளிக்கொண்டு போகட்டும், செலவில் ஒரு பங்கையாவது அவன் உழைத்துக் கொடுக்கட்டும். தூக்கம் கெடுகிறதா, குடிப் பழக்கம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒரு தடவை அழைத்துப் போங்கள். அதுவரை பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை.

கணவரைச் சிறையில் மனு பார்க்கப் போகும்போது, இருவருக்கும் சம்மதமென்றால் அவனையும் கூட்டிப் போங்கள். அன்று மடையில் நின்றபோது திரும்பி வந்திருக்க முடியுமா என்று அப்பாவையே கேட்கட்டும்.