500 குதிரைத்திறன் எஞ்சினுக்கு எந்த ஸ்டெர்ன்டிரைவ்?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் வசிக்கிறேன். 1990களில் கட்டிய 24 அடி படகு ஒன்று வைத்திருக்கிறேன். 5.7 லிட்டர் வி8 எஞ்சின், மெர்குரூசர் ஆல்ஃபா ஒன் டிரைவ் (எஞ்சின் விசையைப் படகின் பின்புறம் வெளியே இருக்கும் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் ஸ்டெர்ன்டிரைவ் பெட்டி). எஞ்சின் தேய்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக 8.2 லிட்டர் (502 கன அங்குலம்) எஞ்சினை 500 குதிரைத்திறனுக்குத் தயார் செய்து போட ஆசை. பழைய டிரைவ் தாங்குமா? இல்லையென்றால் பிராவோ ஒன், பிராவோ த்ரீ, பிராவோவின் வலுவான வகையான எக்ஸ்ஆர் இவற்றில் எதை வாங்கலாம்? பெரும்பாலும் டிராவிஸ் ஏரியில்தான் ஓட்டுவேன். வருடத்துக்கு இரண்டு தடவை கடலுக்கு, போர்ட் அரான்சஸ் பக்கம் கொண்டுபோவேன்.

பதில்: ஆல்ஃபா தாங்காது. சில நாள் ஓடும், அதுதான் ஆபத்து. ஓடுகிறதே என்று நம்பி நடு ஏரிக்குப் போன பிறகுதான் கியர் பல் உடையும்.

குதிரைத்திறனைவிட முறுக்குவிசையைப் பாருங்கள், ஏனென்று புரியும். குதிரைத்திறனை 5252-ஆல் பெருக்கி, சுற்று வேகத்தால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வகுத்தால் முறுக்குவிசை பவுண்டு-அடியில் கிடைக்கும். உங்கள் பழைய எஞ்சின் 4600 சுற்றில் 260 குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டால் 300 பவுண்டு-அடிக்குச் சற்றுக் குறைவு. புதியது 5000 சுற்றில் 500 என்றால் 525 பவுண்டு-அடி. முக்கால் மடங்குக்கு மேல் கூடுதல். அந்த விசை நேராகப் போவதும் இல்லை. எஞ்சினிலிருந்து கிடையாக வந்து, மேல் கியர் பெட்டியில் 90 பாகை திரும்பிக் கீழே இறங்கி, அடிப்பெட்டியில் மறுபடி 90 பாகை திரும்பிப் புரொப்பெல்லருக்குப் போகிறது. இரண்டு திருப்பத்திலும் சுமையைத் தாங்குவது ஒரு சில பற்கள்தான். ஆல்ஃபாவைப் பொதுவாக 300 குதிரைத்திறன் வரையிலான எஞ்சின்களோடுதான் ஜோடி சேர்த்தார்கள்.

இன்னொரு விஷயம் கிளட்ச். ஆல்ஃபாவில் அது அடிப்பெட்டிக்குள் இருக்கும், பல்லோடு பல் கோத்துப் பிடிக்கும் நாய்ப்பல் கிளட்ச் (dog clutch). கியரை விடுவிக்கும்போது எஞ்சினின் பற்றவைப்பை ஒரு நொடி துண்டித்தால்தான் பல் விலகும். பிராவோவில் மேல்பெட்டியில் கூம்பு வடிவக் கிளட்ச். அது உரசிப் பிடிப்பதால் கியர் மாற்றம் மெத்தென்று இருக்கும்.

ஆகவே பிராவோ குடும்பம். அதில் ஒன், டூ, த்ரீ என்பது தர வரிசை இல்லை, பலர் அப்படி நினைத்து ஏமாறுகிறார்கள். டூ என்பது பெரிய விட்டமுள்ள ஒற்றைப் புரொப்பெல்லரோடு கனமான படகைத் தள்ளுவதற்கானது, உங்களுக்கு வேண்டாம். த்ரீ-யில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பெல்லர்கள். கிளம்பும்போது பிடிப்பு அருமை, பின்னோக்கி வரும்போது சொன்னபடி கேட்கும், கனமான குடும்பப் படகுக்கு அதுதான் சரி. ஆனால் இரண்டு துருப்பிடிக்காத எஃகுப் புரொப்பெல்லர்களும் உப்புநீரில் டிரைவின் அலுமினிய உடலை அரிக்க வைக்கும், அனோடை (உடலுக்குப் பதிலாகத் தான் அரிந்துபோகும் உலோகத் துண்டு) ஒழுங்காக மாற்றாவிட்டால் சீக்கிரமே தெரிந்துவிடும். நீங்கள் கடலுக்குப் போவது வருடத்தில் இரண்டு தடவைதான், அது பெரிய தடை இல்லை. டிராவிஸ் ஏரிதான் யோசிக்க வைக்கிறது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பாறைகள் தலைகாட்டும், 'சம்டைம்ஸ் ஐலண்ட்ஸ்' என்று ஒரு தீவுக்கூட்டமே வெளியே வருகிற ஏரி அது. அங்கே ஒரு புரொப்பெல்லர் அடிபட்டாலே மனசு வலிக்கும், ஒரே அடியில் இரண்டு போனால் கேட்கவே வேண்டாம். வேகம் விரும்பி 500 குதிரைத்திறன் போடுகிறவருக்கு பிராவோ ஒன்தான்.

சாதாரண பிராவோ ஒன் போதுமா, எக்ஸ்ஆர் வேண்டுமா? தொழிற்சாலையில் 425, 430 குதிரைத்திறன் எஞ்சின்களோடு சாதாரண பிராவோ வந்திருக்கிறது. அதற்கு மேலே போகும்போது பந்தயப் பிரிவான மெர்க்குரி ரேசிங் தன் 525 குதிரைத்திறன் ஈஎஃப்ஐ எஞ்சினை எக்ஸ்ஆரோடு ஜோடி சேர்த்து விற்றது. உங்கள் 500 அந்த ஜோடிக்குப் பக்கத்தில் வருகிறது. கனமான 24 அடி படகு, ஆறேழு பேர், ஸ்கை இழுப்பு என்று அடிக்கடி நின்ற நிலையிலிருந்து கிளப்புகிற ஆள் என்றால் எக்ஸ்ஆர்தான். இரண்டு பேரோடு சீராக ஓட்டுகிறவர் என்றால் நல்ல நிலையிலுள்ள சாதாரண பிராவோவோடு எஞ்சினை 430 அளவில் நிறுத்திக்கொள்ளலாம். நேர்மையாகச் சொன்னால், நான் அந்த வழியைத்தான் எடுப்பேன். மிச்சப் பணத்துக்கு வேறு செலவுகள் காத்திருக்கின்றன.

என்ன செலவு? ஆல்ஃபாவைக் கழற்றிவிட்டு பிராவோவை அப்படியே மாட்ட முடியாது. பின்பலகையில் இருக்கும் முழு அமைப்பும் மாற வேண்டும், எஞ்சினையும் டிரைவையும் இணைக்கும் கப்ளரும்கூட. ஆல்ஃபாவில் குளிர்நீர் பம்பு டிரைவுக்குள் இருக்கும், பிராவோவில் அது எஞ்சினில் இருக்க வேண்டும். வாங்கும் எஞ்சினோடு கடல்நீர்ப் பம்பு வருகிறதா என்று முதலில் கேளுங்கள், இல்லையென்றால் தனிச் செலவு. 8.2 லிட்டர் எஞ்சின் பழையதைவிடக் கனம் கூடியது, அமைப்போடு சேர்த்து 100 கிலோவுக்குக் குறையாமல் பின்னால் ஏறும். பின்பலகையின் மரம் ஊறிப்போயிருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பாருங்கள், மந்தமான சத்தம் வந்தால் வேலையை நிறுத்துங்கள்.

கியர் விகிதத்துக்கு (புரொப்பெல்லர் ஒரு தடவை சுற்ற எஞ்சின் எத்தனை தடவை சுற்றுகிறது) 1.50-லிருந்து தொடங்குங்கள். 1.36 இலகுவான, ஓடவே பிறந்த படகுகளுக்கு, 1.65 கனத்துக்கு. வேகம் எவ்வளவு வரும்? 26 அங்குல பிட்ச் (புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்), 5000 சுற்று, 1.50 விகிதம் என்றால் 26-ஐ 5000-ஆல் பெருக்கி, 1.50-ஆலும், அங்குலத்தை மைலாக்கும் 1056-ஆலும் வகுத்தால் மணிக்கு 82 மைல் வரும். புரொப்பெல்லர் நீரில் நழுவுவதால் ஆகும் இழப்பு 12 சதவீதம் என்று கழித்தால் 72. த்ராட்டிலை முழுக்கத் திறந்தும் எஞ்சின் தன் உச்சச் சுற்றுக்குக் கீழே நின்றால் பிட்ச்சைக் குறையுங்கள், ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று மாறும்.

72 மைல் போகும்போது ஸ்டீயரிங்கில் சிறு தளர்வும் பயங்கரம். படகுக்குள் இருக்கும் ஒற்றை உதவி உருளையை நம்பாமல், டிரைவை வெளியிலிருந்து இருபுறமும் பிடிக்கும் முழு ஹைட்ராலிக் ஸ்டீயரிங் போடுங்கள். நான் மிச்சம் பிடிக்கச் சொன்ன பணம் இதற்குத்தான். 80 மைலைத் தொடுகிறவர்களுக்கு வேறு அடிப்பெட்டி தேவைப்படும், நீங்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

எந்த டிரைவ் வாங்கினாலும் அதைக் கொல்வது அலைதான். படகு துள்ளிப் புரொப்பெல்லர் நீரைவிட்டு வெளியே வந்தால் எஞ்சின் சரேலென்று சுற்றும், மறுபடி நீரில் இறங்கும்போது அந்த அடி முழுக்கப் பற்களில் விழும். துள்ளப் போகிறதென்று தெரிந்ததும் த்ராட்டிலைக் குறையுங்கள். எக்ஸ்ஆருக்கும் இதில் விலக்கில்லை.

பழைய டிரைவ் வாங்குவதானால் விலை பேசுவதற்கு முன் எண்ணெயை வடித்துப் பாருங்கள். நான் ஒரு தடவை பெயின்ட் புதுசாக இருந்ததைப் பார்த்து ஏமாந்தவன். வீட்டுக்கு வந்து வடித்தபோது பால் போல வெள்ளையாக வந்தது, அடியில் மினுமினுவென்று உலோகத் தூள். வெள்ளை என்றால் சீல் போய் நீர் புகுந்திருக்கிறது. தூள் என்றால் பல்லோ பேரிங்கோ தேய்கிறது. அடிப்பெட்டியின் வடிகால் திருகில் காந்தம் இருக்கும். அதில் மாவு மாதிரிப் படிவு இருந்தால் சரி, நகத்துண்டு அளவில் சில்லு ஒட்டியிருந்தால் விற்பவரிடம் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.