சேமிப்பை வாடகை பாக்கிக்குக் கட்டவா, புது வீட்டு அட்வான்ஸுக்கு வைக்கவா?

கேள்வி: பெருநகரம் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். மனைவிக்கு வேலை போய்விட்டது, இப்போது என் சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போகிறது. இரண்டு மாத பாக்கி வேறு. மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்கிறார் வீட்டுக்காரர். மூன்று மாத வாடகை அளவுக்குச் சேமிப்பு உண்டு. பாக்கியை அடைக்கவா, வேறு வீட்டுக்கு வைத்துக்கொள்ளவா? அரசு வீடு, அவசரத் தங்குமிடம் இதெல்லாம் கிடைக்குமா?

பதில்: இந்த வாரம் இரண்டுமே வேண்டாம். சாவியையும் கொடுத்துவிடாதீர்கள். வீட்டுக்காரர் வாயால் சொல்வது வேறு, சட்டப்படியான நோட்டீஸ் வேறு. பல நாடுகளில் நீதிமன்றமோ தீர்ப்பாயமோ உத்தரவிடாமல் ஒரு குடும்பத்தை வெளியேற்ற முடியாது. பிரிட்டனில், இருக்க வாய்ப்பிருந்தும் நீங்களாகவே வெளியேறினால் 'வேண்டுமென்றே வீடிழந்தவர்' என்று முடிவு செய்து நீண்டகால உதவியை மறுக்கவும் முடியும். மானத்துக்குப் பயந்து ராவோடு ராவாகக் காலி செய்கிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

முதலில் நகராட்சியின் வீட்டுவசதிப் பிரிவுக்குப் போங்கள். வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, மனைவியின் வேலைநீக்கக் கடிதம், அடையாள அட்டைகள், எல்லாவற்றுக்கும் நகல் இருக்கட்டும். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்தால் 211-ஐ அழைத்தால் எங்கே கேட்பது என்று சொல்வார்கள். வாடகை பாக்கிக்கென்றே ஒருமுறை உதவி தரும் திட்டங்கள் பல நகரங்களில் உண்டு, பெரும்பாலும் பணம் நேராக வீட்டுக்காரருக்கே போகும். ஆனால் அடுத்த மாத வாடகையை உங்களால் கட்ட முடியுமா என்று அங்கே கேட்பார்கள். நீங்கள் கேட்டதற்கான பதிலும் அதில்தான் இருக்கிறது. மனைவிக்கு ஓரிரு மாதத்தில் வேலை கிடைக்கும் போலிருந்தால் பாக்கியைத் தீர்த்துவிட்டு அங்கேயே இருங்கள். இல்லையென்றால் பாக்கியை அட்வான்ஸில் கழித்துக்கொள்வதாகவும் எந்தத் தேதியில் காலி செய்வது என்றும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அதுவும் வீட்டுவசதிப் பிரிவிடம் கேட்ட பிறகு.

வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை என்ற கணக்கு அமெரிக்க அரசு வீடுகளில் இருந்து பரவியது. அங்கே 1969-இல் 25 என்று இருந்த வரம்பை 1981-இல் 30 ஆக்கினார்கள். பெரிய நகரத்தில் 40 வரை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பாதியைத் தாண்டிய வீட்டைச் சேமிப்பைக் கரைத்துக் காப்பாற்றுவது வீண்.

மானிய வீட்டுக்கு இன்றே பதியுங்கள், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். வரிசை வருடக்கணக்கில் போகும். நகராட்சி, வீட்டுவசதிக் கூட்டுறவு, தொண்டு நிறுவனம் என்று தனித்தனிப் பட்டியல்கள் இருந்தால் எல்லாவற்றிலும் பெயர் இருக்கட்டும். முகவரி மாறினால் உடனே தெரிவியுங்கள், கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்று பெயரை நீக்கிவிடுவது சகஜம். சேமிப்பை உறவினர் கணக்குக்கு மாற்றி மறைக்கும் யோசனையே வேண்டாம், பிடிபட்டால் தகுதியே போய்விடும்.

அவசரத் தங்குமிடம் கடைசி வழிதான். கணவன் மனைவியைத் தனித்தனியாகத் தங்கவைக்கும் இடங்களும் உண்டு, அதனால் குடும்பமாகத் தங்க முடியுமா, பொருள் வைக்க இடம் உண்டா, பகலில் வெளியே அனுப்புவார்களா என்று இப்போதே போனில் கேட்டுவையுங்கள். அப்புறம், வீட்டைக் காட்டும் முன்பே பதிவுக் கட்டணம் கேட்கிறவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள், அரசு வீடு வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் தரகரிடமும்தான்.