மூடிய மெயில் மறுபடி திறக்க மறுத்தால்

கேள்வி: விண்டோஸ் 11-இல் தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராமைப் பயன்படுத்துகிறேன். மூடிவிட்டு மறுபடி திறந்தால், ‘ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கிறது, ஆனால் பதில் தரவில்லை’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால்தான் திறக்கிறது. அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டும் பலனில்லை. மெயில் எல்லாம் போய்விடுமா?

பதில்: இந்தச் செய்தியால் மெயில் எதுவும் போகாது. நீங்கள் மூடியது ஜன்னலை மட்டும்தான். புரோகிராம் பின்னால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் மெயிலும் அமைப்புகளும் இருக்கும் இடம்தான் புரொஃபைல். இரண்டு தண்டர்பேர்ட் ஒரே புரொஃபைலில் எழுதினால் மெயில் கோப்புகள் கெட்டுவிடும். அதனால் முதலில் திறந்த தண்டர்பேர்ட் புரொஃபைலைப் பூட்டி வைத்திருக்கிறது. புரொஃபைல் தனி ஃபோல்டரில் இருப்பதால், அன்இன்ஸ்டால் செய்தாலும் அது அப்படியேதான் இருக்கும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். தண்டர்பேர்ட் வரியில் டிஸ்க் எண்ணைப் பாருங்கள். எண் மாறிக்கொண்டே இருந்தால் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தயவுசெய்து பொறுத்திருங்கள், நடுவில் நிறுத்தினால் கோப்பு பாதியில் நிற்கும். இரண்டு மூன்று நிமிடம் சி.பி.யூ., டிஸ்க் இரண்டும் பூஜ்யத்திலேயே இருந்தால் ‘எண்ட் டாஸ்க்’ கொடுக்கலாம்.

புரொஃபைல் ஃபோல்டரில் ‘பேரன்ட் டாட் லாக்’ என்று ஒரு கோப்பு இருக்கும். விண்டோஸில் அது அங்கே இருப்பது கோளாறு அல்ல. அழிக்கப் போய் ‘பயன்பாட்டில் இருக்கிறது’ என்று வந்தால், தண்டர்பேர்ட் இன்னும் ஓடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. அந்த ஒரு கோப்பைத் தவிர வேறெதையும் அழிக்காதீர்கள்.

ஒவ்வொரு முறையும் இப்படி ஆனால் மூல காரணத்தைத் தேட வேண்டும். நான் முதலில் சந்தேகப்படுவது ஆன்டிவைரஸை. வழக்கமான அமைப்பில் இன்பாக்ஸ் முழுவதும் ஒரே கோப்பு. அது பல ஜி.பி. இருந்தால், ஸ்கேன் முடியும்வரை தண்டர்பேர்ட் காத்துக் கிடக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு: ஒரு மெயிலில் வைரஸ் இருந்தால் ஆன்டிவைரஸ் இன்பாக்ஸ் கோப்பையே தூக்கித் தனியே வைத்துவிடலாம். எனவே புரொஃபைல் ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்குங்கள். மெயிலோடு வரும் கோப்புகளைத் திறக்கும்போது அவை எப்படியும் ஸ்கேன் ஆகும்.

அடுத்து காம்பாக்ட். நீங்கள் அழித்த மெயில் அந்தக் கோப்பிலிருந்து உடனே போவதில்லை. அழித்ததாகக் குறி மட்டும் விழும். இன்பாக்ஸை ரைட் கிளிக் செய்து ‘காம்பாக்ட்’ கொடுத்தால்தான் கோப்பு சுருங்கும். அப்போது புதிய கோப்பு ஒன்று எழுதப்படும் என்பதால், இன்பாக்ஸ் அளவுக்காவது டிஸ்க்கில் காலியிடம் வேண்டும். அதற்கு முன் தண்டர்பேர்டை மூடி, புரொஃபைல் ஃபோல்டரை முழுசாக காப்பி எடுத்து வையுங்கள்.

அதன் பிறகும் தொடர்ந்தால், ஷிஃப்டை அழுத்திக்கொண்டே திறங்கள். ஆட்-ஆன்கள், அதாவது நீங்கள் சேர்த்த துணை புரோகிராம்கள், இல்லாத டிரபிள்ஷூட் மோட் வரும். அதில் ஒழுங்காக மூடினால் பெரும்பாலும் ஏதோ ஓர் ஆட்-ஆன்தான் காரணம். ஒவ்வொன்றாக முடக்கிப் பாருங்கள். அக்கவுண்ட் அமைப்பில் ‘வெளியேறும்போது டிராஷைக் காலி செய்’ டிக் ஆகியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். சர்வர் பதில் தரும்வரை மூடுவது தாமதமாகும்.

கேள்வி: என்னிடம் பழைய அவுட்லுக், அதுவும் இதே மாதிரிதான் செய்கிறது.

பதில்: டாஸ்க் மேனேஜரில் பார்ப்பது இங்கும் அதேதான். பிறகு விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி, ‘அவுட்லுக்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடும் ‘சேஃப்’ என்பதும் சேருங்கள். சேஃப் மோடில் சிக்கல் இல்லையென்றால், ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போய், கீழே ‘காம் ஆட்-இன்ஸ்’ தேர்ந்து ‘கோ’ கொடுங்கள். எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, ஒரு நாளுக்கு ஒன்றாகத் திரும்பப் போட்டால் குற்றவாளி சிக்கிவிடும்.