மாதிரி ரயில் தளத்தில் மலைச்சரிவைத் திருத்தி அமைத்தல்: கேள்வி பதில்

ஏற்கெனவே கட்டி முடித்த மாதிரி ரயில் தளத்தில் மலைப்பகுதியை மட்டும் பிரித்து மறுபடி அமைக்க விரும்பும் குமரி மாவட்டத்து அன்பர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். பெரும்பாலோர் உண்மையானதை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கும் 1:87 என்னும் எச்.ஓ. (HO) அளவில் தளம் வைத்திருப்பதால், கீழே வரும் அளவுகள் அனைத்தும் அதற்கே உரியவை.

தோவாளையிலிருந்து ஓர் அன்பர்: ஐயா, தெர்மோகோலில் மலை ஒன்று செய்து அதற்குள் குகையும் வைத்தேன். வண்ணம் பூசி, புல் ஒட்டி முடித்த பிறகும் அது கவிழ்த்து வைத்த சோற்றுப்பானை போலவே தெரிகிறது. எங்கே தவறுகிறது?

வண்ணத்திலோ புல்லிலோ தவறு இருக்காது. மலையின் வடிவத்தில்தான் இருக்கும். நாம் முதலில் தண்டவாளத்தைப் பதித்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் மலையை வைக்கிறோம். உண்மையில் மலை முதலில் இருந்தது, ரயில் பின்னால் வந்தது. நம் மாவட்டத்திற்கே 1979-இல்தான் திருவனந்தபுரத்திலிருந்து பாதை வந்தது. திருநெல்வேலியிலிருந்து ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக நாகர்கோவிலுக்குப் பாதை வந்தது 1981-இல். எனவே மலையைத் திருத்தும்போது, பாதை இல்லாத காலத்தில் அந்த நிலம் எப்படிக் கிடந்திருக்கும் என்பதை முதலில் தாளில் வரைந்து, பிறகு அதில் பாதைக்காக எதை வெட்டியிருப்பார்கள், எங்கே மண் கொட்டி உயர்த்தியிருப்பார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதிக் குறை நீங்கிவிடும்.

அடுத்தது உயரம். மகேந்திரகிரியின் உயரம் ஏறத்தாழ 1650 மீட்டர். அதை 1:87-இல் செய்தால் 19 மீட்டர் வரும். ஆகவே முழு மலையை எவராலும் தளத்தில் வைக்க முடியாது. மலையின் அடிவாரத்தை மட்டுமே வைக்க முடியும். உச்சியைச் செய்து காட்ட முயல்வதை விட்டுவிட்டு, சரிவு மேலேறிப் பின்திரையின் ஓவியத்தோடு கலக்கும்படியும், பக்கவாட்டில் தளத்தின் விளிம்பைத் தாண்டியும் தொடர்வதுபோல வெட்டப்படும்படியும் செய்யுங்கள். நான்கு புறமும் சரிந்து தரையைத் தொடும் மலைதான் பொம்மையாகத் தெரியும். முன்பக்கத்தில் தண்டவாள மட்டத்திற்குக் கீழேயும் நிலம் இறங்க வேண்டும். பலகையின் ஒரு பகுதியை வெட்டித் தாழ்த்தி அங்கே ஓர் ஓடையோ குளமோ வைத்தால், பின்னால் உள்ள சரிவு தானாகவே உயர்ந்து தோன்றும்.

குகையைப் பொறுத்தவரை, வெட்டி எடுக்க வேண்டிய ஆழம் மிக அதிகமாகும் இடத்தில்தான் பொறியாளர்கள் குகை குடைவார்கள். குகை வாயின் மேல் இரண்டு விரற்கடை மண் மட்டும் இருந்தால், இதைத் திறந்த வெட்டாகவே விட்டிருக்கலாமே என்று பார்ப்பவருக்குத் தோன்றிவிடும். வாயிலுக்கு மேல் குறைந்தது வாயிலின் உயரத்திற்குச் சமமாகவாவது மலை உயரட்டும். அதற்கு இடமில்லையெனில் குகையை எடுத்துவிட்டு, இரு புறமும் பாறை நிற்கும் வெட்டாக மாற்றுங்கள்; நம் நிலத்திற்கு அதுவே பொருந்தும் என்பது என் கருத்து.

தக்கலையிலிருந்து: பழைய மலையை எடுக்கும்போது தண்டவாளமும் கம்பிகளும் கெடாமல் பார்ப்பது எப்படி?

வண்டிகள் அனைத்தையும் அறையை விட்டே அகற்றிவிடுங்கள். பிளாஸ்டர் தூசி இன்ஜின் பல்சக்கரங்களுக்குள் புகுந்தால் எளிதில் வெளியேறாது. தண்டவாளத்தின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் நாளிதழ் விரியுங்கள். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பழைய பிளாஸ்டரின் மேல் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, ரம்பப் பல் உள்ள கத்தியால் துண்டு துண்டாக அறுத்து எடுங்கள். சுத்தியல் வேண்டாம், அதிர்வில் தண்டவாள இணைப்புகள் விலகும். ஃபெவிகால் கரைசலால் ஒட்டிய சரளை, வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் ஊறினால் இளகிவிடும், அதைப் பழைய தோசைக்கரண்டியாலேயே வழித்துவிடலாம். மலைக்கு அடியில் கம்பிகள் எப்படிப் போகின்றன என்பதை, மூடும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: வெளிநாட்டுச் சிலிக்கோன் அச்சுகளில் பாறை வார்த்து ஒட்டினேன். வார்ப்பு நன்றாக வந்திருக்கிறது, ஆனால் நம் ஊர் மலையாகத் தெரியவில்லை. எதை மாற்ற வேண்டும்?

அச்சையே மாற்ற வேண்டும். அத்தகைய அச்சுகளில் பெரும்பாலானவை அடுக்கடுக்காகப் பிளந்து கூர்முனைகளோடு நிற்கும் பாறைகளைப் பார்த்துச் செய்யப்பட்டவை. நம் மாவட்டத்தின் மலைகள் சார்னகைட், கோண்டலைட், நைஸ் வகைப் பாறைகளால் ஆனவை. சார்னகைட் வெயிலிலும் மழையிலும் வெங்காயத் தோல் உரிவதுபோல ஏடு ஏடாக உரிந்து, உருண்ட மொட்டைப் பாறையாக நிற்கும். மருத்துவாழ் மலையின் சரிவை ஒரு மாலை வேளையில் நின்று கவனித்தால், உருண்ட பெரும்பாறைகள், அவற்றின் இடுக்குகளில் மட்டும் செடிகள், மழைநீர் வழிந்த இடங்களில் மேலிருந்து கீழாகக் கருங்கோடுகள் என்ற மூன்றும் கண்ணில் படும். அந்த மூன்றையும் தளத்தில் கொண்டுவந்துவிட்டால் வேறு அடையாளம் தேவையில்லை.

இதற்கு அச்சு வேண்டியதில்லை. நாளிதழ் உருண்டைகளின் மேல், மருந்துக் கடைகளில் எலும்பு முறிவுக்காக விற்கும் பிளாஸ்டர் கட்டுத்துணியை நனைத்து இரண்டு மூன்று அடுக்குப் போர்த்தி, அதன் மேல் கெட்டியான பிளாஸ்டரைப் பூசி, அது இறுகத் தொடங்கும் நேரத்தில் ஈரக் கையால் நீவிவிடுங்கள். விரிசல்களைக் கத்தி முனையால் கீறலாம். ஆனால் எல்லா விரிசல்களும் ஏறத்தாழ ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும், ஏனெனில் ஒரே பாறைத்தொகுதியின் பிளவுகள் தாறுமாறாக ஓடுவதில்லை.

வண்ணத்தைக் கெட்டியாகப் பூசாதீர்கள். நன்றாக நீர்த்த சாம்பல், மண்பழுப்பு, கறுப்பு ஆகியவற்றைத் திட்டுத் திட்டாக வைத்து, ஒன்றோடொன்று ஊறிக் கலக்க விடுங்கள். பிளாஸ்டர் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். இங்கே ஒரு வரிசை முக்கியமானது. புல்லும் மண்ணும் ஒட்டுவதற்கான பசை பாறையின் மேல் பட்டால், அந்த இடம் பிறகு வண்ணத்தை உறிஞ்சாது. ஆகவே வண்ணம் முதலில், பசை பிறகு.

மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள மேற்குப் பகுதியைச் செய்ய நினைத்தால் பாறையைக் குறைத்து, லேட்டரைட் என்னும் செம்புரைக்கல்லையும் செம்மண்ணையும் கூட்டுங்கள். அதற்குக் கடையில் கிடைக்கும் காவிப்பொடியே போதும். புதிதாக வெட்டிய இடத்தில் பளிச்சென்ற சிவப்பும், பல மழை கண்ட இடத்தில் கறுத்த பழுப்பும், நிழலான அடிப்பகுதியில் பாசியின் பச்சையும் வர வேண்டும்.

இரணியலிலிருந்து: வெட்டுப் பகுதியின் இரு பக்கச் சுவர்களையும் செங்குத்தாக நிறுத்தலாமா?

கெட்டிப் பாறையாக இருந்தால் ஏறத்தாழச் செங்குத்தாக நிறுத்தலாம், மண்ணாக இருந்தால் சரிவாகத்தான் வேண்டும். இரணியல், குழித்துறை வழியாகச் செல்லும் பாதையில் 2021 நவம்பர் மழையில் மண் சரிந்து ரயில் போக்குவரத்து தடைப்பட்டதை நீங்கள் நினைவு வைத்திருப்பீர்கள். மண்ணைக் கொட்டி உயர்த்திய கரைக்கு நம் ரயில்வே பொதுவாக இரண்டுக்கு ஒன்று என்ற சரிவைக் கடைப்பிடிக்கிறது. அதாவது 5 செ.மீ. உயரமுள்ள கரை, ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. அகலம் பிடிக்கும். அவ்வளவு இடம் தளத்தில் இல்லாத இடங்களில் கருங்கல் தாங்குசுவர் வைத்து, அதில் நீர் வடியும் துளைகளை வரிசையாகக் குத்திவிடுங்கள். வெட்டின் உச்சிக்குச் சற்று மேலே, மலையிலிருந்து வரும் நீரைத் தடுத்துத் திருப்பும் வடிகால் ஒன்றும், தண்டவாளத்தின் ஓரத்தில் வடிகால் ஒன்றும், அவை சேரும் தாழ்வான இடத்தில் ஒரு சிறு கல்பாலமும் வைத்தால், இங்கே மழை பெய்யும் என்பதைப் பார்ப்பவர் சொல்லாமலே உணர்வார்.

ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, முப்பந்தல் காற்றாலைகளை வைக்க ஆசை. ஒன்றை அளவுப்படி செய்தேன். மலையையே அது விழுங்கிவிட்டது. என்ன செய்யலாம்?

தம்பி, 30 மீட்டர் கோபுரம் என்று வைத்துக்கொண்டாலே 1:87-இல் 34 செ.மீ. வரும், 80 மீட்டர் கோபுரமானால் 92 செ.மீ. ஆகிவிடும். தொலைவில் நிற்பவற்றைச் சிறிய அளவில் செய்வதே வழி. 1:160 என்னும் ‘என்’ (N) அளவில் அதே 30 மீட்டர் கோபுரம் 19 செ.மீ.க்குள் அடங்கும், அதற்கும் பின்னால் நிற்பவற்றை 10 செ.மீ. அளவிலும், கடைசி வரிசையைத் திரையில் வெறும் ஓவியமாகவும் வையுங்கள். பனைமரங்களுக்கும் இதே முறைதான்: முன்னால் 17 செ.மீ., நடுவில் 10, பின்னால் 5. ஆனால் பெரிய அளவில் உள்ளதும் சிறிய அளவில் உள்ளதும் அருகருகே நிற்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு மேட்டை எழுப்பி, தரை தொடர்ந்து தெரியாதபடி மறைத்துவிடுங்கள்.

தொலைவு கூடக் கூட நிறம் வெளிற வேண்டும். பின்வரிசை மலைக்குச் சாம்பல் நீலத்தில் சற்று வெள்ளை கலந்து பூசினால் போதும். எல்லாக் காற்றாலைகளும் காற்று வரும் ஒரே திசையை நோக்கி நிற்கட்டும். தென்மேற்குப் பருவக் காலத்தைக் காட்டுவதானால் அவை மேற்கே பார்க்கும், மரங்களின் தலை கிழக்கே சாயும். இறக்கைகளைச் சுழல வைக்க விரும்பினால், பல்சக்கரம் பொருத்திய மெதுவான மோட்டாரையே வாங்குங்கள்; நிமிடத்திற்கு 15 முதல் 40 சுற்றுக்குள் இருந்தால்தான் பெரிய இயந்திரம் சுழலும் உணர்வு வரும்.

குளச்சலிலிருந்து: எங்கள் கடற்கரையின் மணல் மிக நுண்மையானது. தரைக்கும் சரளைக்கும் அதைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். மணவாளக்குறிச்சியைச் சுற்றியுள்ள கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட் ஆகிய கனிமங்கள் உள்ளன. இல்மனைட்டை வலுவான காந்தம் இழுக்கும். இன்ஜின் மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது, ஆகவே அந்த மணல் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அதற்குக் கதிரியக்கம் உண்டு. வீட்டுக்குள், அதுவும் குழந்தைகள் கை வைக்கும் தளத்தில், அதைத் தூவி வைக்க வேண்டிய தேவை என்ன? மணலில் உள்ள உப்பு ஈரத்தை இழுத்து, ஆணிகளையும் இணைப்புகளையும் துருப்பிடிக்க வைக்கும். மேலும் அந்த மணலை எடுப்பதற்குச் சட்டக் கட்டுப்பாடுகளும் உள்ளன. இந்தப் பகுதியிலிருந்து ஏற்றுமதியான தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டுதான், 1909-இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டார் என்பது நம் மாவட்டத்தின் வரலாறு.

சரளைக்கு, கல் உடைக்கும் இடங்களில் கிடைக்கும் பாறைப்பொடி மிகச் சிறந்தது. அது நம் மலையின் பாறையே என்பதால் நிறமும் தானாகப் பொருந்தும். உண்மையான சரளைக்கல் ஏறத்தாழ 50 மி.மீ.; 1:87-இல் அது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். டீ வடிகட்டியில் சலித்துப் பெரியதை நீக்கி, மெல்லிய துணியில் சலித்துத் தூசியை நீக்கி, கழுவிக் காயவைத்து, பிறகு ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி அதன் மேல் பலமுறை ஓட்டி, ஒட்டுவதை எல்லாம் எடுத்துவிடுங்கள். ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர், ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டால், பொடி மிதக்காமல் ஊறி ஒட்டும்.

குலசேகரத்திலிருந்து: ரப்பர் தோட்டம் உள்ள சரிவை எப்படிச் செய்வது? மரம் நூற்றுக்கணக்கில் தேவைப்படுமே?

தேவைப்படாது. ரப்பர் தோட்டத்தின் மேல்பரப்பு ஒன்றோடொன்று மூடிக் கிடப்பதால், வெளியிலிருந்து நமக்குத் தெரிவது முன்வரிசை அடிமரங்களும், உள்ளே இருளும், மேலே பச்சைக் கூரையும்தான். முதல் இரண்டு மூன்று வரிசைகளுக்கு மட்டும் முறுக்கிய செம்புக் கம்பியால் அடிமரம் செய்து, பின்னால் குச்சிகள் நட்டு, அவற்றின் மேல் பிரித்த தென்னை நாரைப் பரப்பிச் சாயமிட்ட ஸ்பாஞ்சுத் தூளை ஒட்டிவிடுங்கள். உள்தரைக்குக் கரும்பழுப்பு பூசினால் ஆழம் கிடைக்கும். நாரையும் நார்க்கழிவையும் நன்றாக அலசிக் காயவைத்தே பயன்படுத்துங்கள். சரிவை வழவழப்பாக விடாமல், சமமட்டத்தில் வளைந்து செல்லும் படிகளாக வெட்டி, ஒவ்வொரு படியையும் மலையின் பக்கமாகச் சற்று உள்சாய்வாக வையுங்கள். நீரும் மண்ணும் தங்குவதற்காகத் தோட்டத்தில் அப்படித்தான் வெட்டுவார்கள். மரத்தில் பால்வெட்டுக் கோட்டையும் மழைக்காப்புப் பிளாஸ்டிக்கையும் நுண்தூரிகையால் ஒரு கோடாகக் காட்டலாம். தளத்தில் காட்டும் மாதம் எது என்பதையும் முடிவுசெய்யுங்கள்: டிசம்பர், ஜனவரி என்றால் ரப்பர் இலை உதிர்ந்து நிற்கும், ஆகவே அதே தளத்தில் ஆடி மாதத்து அடர்பச்சை வரக் கூடாது.

நாகர்கோவிலிலிருந்து ஒரு தாயார்: என் மகனுக்குப் பத்து வயது. இந்த வேலையில் அவனை எதில் விடலாம், எதில் விடக் கூடாது?

அம்மா, சலிப்பது, மரம் செய்வது, வண்ணம் தீட்டுவது, புல் தூவுவது ஆகியவற்றை அவன் தாராளமாகச் செய்யலாம். சூடான கம்பியால் தெர்மோகோல் வெட்டுவதை நீங்களே, சன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். அந்தப் புகை நல்லதல்ல. பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும், ஆகையால் கையைப் பிளாஸ்டருக்குள் புதைத்து அச்செடுக்க ஒருபோதும் விடாதீர்கள். மிஞ்சிய பிளாஸ்டரைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். மைதா பசை நம் கடலோர ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், கரப்பானையும் அழைத்து வரும், ஃபெவிகாலே போதும்.

கன்னியாகுமரியிலிருந்து: மலையைத் திருத்திய பிறகு எப்போது வண்டி ஓட்டலாம்?

நாள் கணக்கை விடப் பிளாஸ்டரின் குளிர்ச்சியே நம்பத்தக்கது. கன்னத்தில் வைத்துப் பார்த்துக் குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள், மழைக்காலத்தில் இதற்கு நெடுநேரம் ஆகும். காய்ந்ததும் டேப்பை உரித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் தண்டவாளத்தைத் துடைத்து, அடியில் காந்தம் கட்டிய ஒரு சரக்குப் பெட்டியைக் கையால் தள்ளிப் பாதை முழுவதும் ஓட்டுங்கள். பிறகு உங்களிடம் உள்ளவற்றில் மிக நீளமான பயணிகள் பெட்டியை எடுங்கள், பழைய வகையான ஐ.சி.எஃப். பெட்டி 1:87-இல் ஏறத்தாழ 245 மி.மீ., புதிய வகையான எல்.எச்.பி. பெட்டி 270 மி.மீ. வரும். வளைவில் அதன் நடுப்பகுதி உள்பக்கமாகவும் முனைகள் வெளிப்பக்கமாகவும் நீட்டும் என்பதால், நடுவிலும் இரு முனைகளிலும் பென்சில் முனைகளை ஒட்டி மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். பாறையில் கோடு விழும் இடங்களைச் செதுக்கி, அங்கே மட்டும் மறுபடி வண்ணம் வைத்துக் காயவிட்ட பின் இன்ஜினை ஏற்றலாம்.