வாசகர் கேள்வி – பதில்: வேப்பமரத்தடி ஜீப்

கேள்வி: என் தந்தையார் 1970-களில் வாங்கிய மகிந்திரா பெட்ரோல் ஜீப், பதினோரு ஆண்டுகளாக வீட்டின் பின்புறம் வேப்பமரத்தடியில் நிற்கிறது. இன்ஜின் ஓடாது, மழைக்கு மண் இளகிச் சக்கரங்களும் நாலைந்து அங்குலம் புதைந்துவிட்டன. பழைய வாகன உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைக்குக் கொண்டுபோக வேண்டும். ஜேசிபி வைத்து இழுத்துவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: ஜேசிபி இப்போதைக்கு வேண்டாம். ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள உங்கள் ஜீப்பின் சக்கரங்கள் தடையின்றிச் சுழலுமானால், சிமென்ட் தரையில் அதை உருட்ட இருபது கிலோ அளவு விசையே போதும். இரண்டு பேர் தள்ளிவிடலாம். அதே வண்டிக்கு இளகிய மணலில் இருநூறு, முந்நூறு கிலோ வேண்டியிருக்கும். சக்கரம் பூட்டிக்கொண்டிருந்தால் அதுவும் போதாது. ஜேசிபி ஓட்டுநருக்கு இந்த வேறுபாடு கையில் தெரியாது. எது பலவீனமோ அது பிய்ந்துகொண்டு வரும். ஒரு பழைய ஜீப்பின் பம்பர் மட்டும் சங்கிலியோடு தனியே போனதை நானே பார்த்திருக்கிறேன்.

கியர் லீவருக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு சிறிய லீவர்களில், முன்சக்கர இழுவைக்கானதை விடுவித்து, மற்றதை நடுவில், அதாவது நியூட்ரலில் வையுங்கள். மற்ற சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்துவிட்டு, ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். மண் இளகியிருப்பதால் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை அவசியம். ஒரு சக்கரம் மட்டும் சுற்ற மறுத்தால், பிரேக் ஷூ துருவேறி டிரம்மோடு ஒட்டியிருக்கும். அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிலும் மரச் சுத்தியலால் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். பின்சக்கரங்கள் இரண்டுமே மறுத்தால் ஹேண்ட்பிரேக்கைச் சந்தேகியுங்கள். இந்த ஜீப்புகளில் அது சக்கரத்தில் இல்லை. முன், பின் சக்கரங்களுக்கு இன்ஜின் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், பின்சக்கரங்களுக்கான ஷாஃப்ட் (சுழல்தண்டு) புறப்படும் இடத்தில் தனி டிரம்மாக இருக்கிறது. ஆகவே அது பூட்டிக்கொண்டால் நியூட்ரல் எதுவும் உதவாது. பின் ஷாஃப்ட்டைக் கழற்றினால்தான் சக்கரம் விடுபடும். ஆனால் கழற்றிய பிறகு கியரோ ஹேண்ட்பிரேக்கோ பின்சக்கரங்களைப் பிடித்து நிறுத்தாது. கால் பிரேக்கும் பதினோரு ஆண்டுகளில் வறண்டிருக்கும் என்பதால், வண்டி உருளும்போது இருபுறமும் முட்டுக்கட்டையோடு ஆட்கள் நடந்துவர வேண்டும்.

பிறகு டயர்களில் காற்றடித்து, சக்கரங்களுக்கு முன்னால் மண்ணைச் சரிவாக வெட்டிச் சென்டரிங் பலகைகளைப் போட்டால், கையால் இயக்கும் வின்ச்சே (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) போதும். கப்பி ஒன்றை ஜீப்பில் மாட்டிக் கயிற்றை மடித்து இழுத்தால் விசை பாதியாகும், கயிறு இரண்டு மடங்கு வேண்டும். கொக்கியைப் பம்பரில் அல்ல, சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில் மாட்டுங்கள். இரும்புக் கயிறானால் அதன் நடுவில் நனைத்த கோணிப்பையைப் போடுங்கள், அறுந்தால் அது வீச்சைக் குறைக்கும். வாசலுக்கு வந்தபின் ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றி அனுப்புவதே நல்லது. பிரேக் இல்லாத வண்டியைக் கயிறு கட்டி வேளச்சேரி சாலையில் இழுத்துப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: இன்ஜினைக் கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் முன்பக்க ஹேண்டிலைச் சுழற்றியே ஜீப்பை நகர்த்தலாம் என்பார் எங்கள் தாத்தா. உண்மையா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: உண்மைதான், ஆனால் பெட்ரோல் இன்ஜின் இறுகாமல் இருந்தால் மட்டுமே. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் அழுத்தம் இருக்காது, எளிதாகச் சுழலும். நான்கு சக்கர லோ (நான்கு சக்கரங்களுக்கும் வேகம் குறைத்து விசை கூட்டும் நிலை), முதல் கியர் என்று போட்டால், மகிந்திராவின் சிஜே-3பி வகை ஜீப்பில் இன்ஜின் ஏறத்தாழ 37 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். ஹேண்டிலின் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 6 சென்டிமீட்டர் நகரும்; ஓர் அடிக்கு ஐந்து சுற்று.