பூ கிழிந்திருக்கிறதா? மருந்து வேண்டாம்!

கேள்வி: செம்பருத்தி என்றுதான் நர்சரியில் கன்று வாங்கினேன். பூத்ததும் பார்த்தால், இதழெல்லாம் பூச்சி அரித்த மாதிரி கிழிந்து, தலைகீழாகத் தொங்குகிறது. ஏதாவது நோயா? இதன் இலையைத் தலைக்கு அரைக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மருந்து டப்பாவை உள்ளே வையுங்கள் அம்மா. செடிக்கு ஒரு குறையும் இல்லை. அதன் பிறவியே அப்படி. ஜிமிக்கி செம்பருத்தி என்பார்கள். கென்யா, தான்சானியா, மொசாம்பிக் பக்கத்துக் காட்டுச் செடி. நம் வீட்டுச் செம்பருத்திக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-லேயே பெயர் வைத்துவிட்டார். ஜிமிக்கியை முதலில் அதன் ஒரு வகையாகத்தான் நினைத்தார்கள். 1880-ல் இன்னொரு தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் தனி இனமாகப் பிரித்து, ஹைபிஸ்கஸ் ஸ்கைசோபெட்டலஸ் என்றார்.

இரண்டிலும் ஒவ்வொரு பூ பறித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜிமிக்கியின் காம்பு நூல் மாதிரி நீளம். இதழ்கள் பிசிறு பிசிறாக வெட்டுப்பட்டு, காம்பை நோக்கி மேலே சுருண்டிருக்கும். நடுவிலுள்ள மகரந்தத் தண்டு இதழைத் தாண்டி வெகுதூரம் கீழே இறங்கும். இதழ்களைத் தாங்கும் பச்சைக் கிண்ணமான புல்லி வட்டத்துக்கு அடியிலும் பாருங்கள்: வீட்டுச் செம்பருத்தியில் மெல்லிய பச்சை இலைகள் ஒரு வளையமாகப் பளிச்சென்று தெரியும். ஜிமிக்கியில் அது துளியூண்டு; கண்ணாடி போட்டால்தான் அகப்படும்.

இதழ் அரைகுறையாக மட்டும் வெட்டுப்பட்டிருந்தால் அது கலப்பினமாக இருக்கலாம். இன்று நர்சரிகளில் மயக்கும் பல கலப்பினச் செம்பருத்திகளின் வம்சத்தில் இந்த ஆப்பிரிக்கச் செடிக்கும் பங்கு உண்டு.

தலைக்கு அரைக்க, ஐந்திதழ் ஒற்றைச் சிவப்பையே வைத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார் கைப்பக்குவம் அதில்தான். ஜிமிக்கி அழகுக்கு இருக்கட்டும்.

அதன் கிளைகள் வளைந்து தாழும். வேலி மாதிரி மட்டமாகக் கத்தரித்துவிடாதீர்கள். புதுத் துளிரில்தான் மொட்டு வரும், நுனியை வெட்டிக்கொண்டே இருந்தால் பூ எங்கிருந்து வரும்? தொட்டியாக இருந்தால் கைப்பிடிச் சுவரை ஒட்டி உயரத்தில் வையுங்கள். அண்ணாந்து பார்க்க வேண்டிய பூ அது.

மாவுப்பூச்சிக்கு மட்டும் இரண்டு செடியும் ஒன்றுதான். மொட்டுக் கழுத்தில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். போகாவிட்டால், லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள்.