கொழிஞ்சாம்பாறைத் தங்கைக்கு

எச்ஐவி இருக்கும்போது தாய்ப்பால் கொடுக்கலாமா, மாமியார் பசும்பாலும் புகட்டச் சொல்கிறாரே என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாகக் கொடுங்கள், தங்கையே. எச்ஐவி கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடாதீர்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். இரண்டையும் கலப்பதுதான் ஆபத்து. வேற்றுப் பால் பிஞ்சுக் குடலைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வழிவிடும். சங்கில் சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து, நாக்கில் தொட்டுவைக்கும் தேன், எதுவும் வேண்டாம். குழந்தைக்குக் கிருமி தொற்றாமலிருக்க மருத்துவர் தந்த நெவிரபின் போன்ற மருந்துகளை மட்டும் தவறாமல் கொடுங்கள். காம்பு வெடித்து இரத்தம் கசிந்தால் அந்தப் பக்கத்துப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, மறுபக்கம் ஊட்டுங்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். 6-ஆவது வாரம் குழந்தைக்கு இரத்தப் பரிசோதனை உண்டு. ஏஆர்டி மாத்திரை தரும் உஷஸ் மையத்தில் கேளுங்கள்.

மாமியாரிடம் நோயைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது எல்லாத் தாய்மாருக்கும் மருத்துவர்கள் சொல்வதுதானே! மனம் கலங்கினால் எய்ட்ஸ் உதவி எண் 1097-ஐ அழையுங்கள், கட்டணமில்லை.